அந்த ‘நாம்’ யார்? இதழாசிரியர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழில் வார, மாத இதழ்களையும் புத்தகங்களையும் கொண்டுவருகிற ஆசிரியர்களுக்கும், துணையாசிரியர்களுக்கும், அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவள். அச்சகத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்திய காலம் போய், இப்போது ஊரில் இருந்தபடியே பிடிஎஃப்பில் திருத்தி அனுப்புகிறேன். ஒற்று மிகுமா, எந்த ‘ற’ வரும், மேற்கோள்குறி மூடியிருக்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதில் நான் தலையிட முடியாது, தலையிட்டதும் இல்லை. ஆனால் ஒரே வரியை மூன்று நான்கு தடவை படிக்கிறவள் கண்ணுக்குச் சில விஷயங்கள் தப்பாது. ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் சமயம். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அம்மா நடையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சென்னையில் நாலு வீட்டில் வேலை பார்க்கிற சித்தி லீவுக்கு வந்திருந்தாள். ஒரு இதழுக்கு மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய பக்கங்கள் என் கையில். நான் சத்தமாகப் படித்துத்தான் திருத்துவேன். காது பிடிக்கிற பிழையைச் சில நேரம் கண் பிடிக்காது.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்பது கட்டுரையின் விஷயம். எழுதியவர் மனதார எழுதியிருந்தார். ‘நம் வீட்டில் வேலை செய்பவர்களுக்கும் மனசு உண்டு. நாம் குடிக்கும் டம்ளரிலேயே அவர்களுக்கும் காபி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவர்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டாமா என்று நாம் யோசித்திருக்கிறோமா?’ இப்படிப் போனது. நான் ‘ஞாயிற்றுக்கிழமை’யில் விட்டுப்போன ‘க்’கைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

“நல்லாத்தான் எழுதியிருக்காவ. ஆனா இது நம்மட்ட சொல்லல. அவுகள்ட்டல்லா சொல்லுது.”

அம்மா பீடிக்கு நூலைச் சுற்றியபடியே தலையாட்டினாள். அவ்வளவுதான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்குத்தான் அதற்கப்புறம் ஒரு வரியும் ஓடவில்லை.

சித்தியைப் பற்றிய கட்டுரை அது. அவள் குடிக்கிற காபியைப் பற்றி, அவளுக்குக் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, அவள் பக்கம் நின்று எழுதியது. ஆனால் முதல் சொல்லிலேயே அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ‘நம் வீட்டில்’ என்று எழுதியபோது, அதைப் படிக்கிறவர் வீட்டுக்கு வேலை செய்ய ஆள் வரும், படிக்கிறவரே வேறு வீட்டுக்கு வேலைக்குப் போகிறவராக இருக்க மாட்டார் என்று முடிவாகிவிட்டது. எழுதியவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அல்ல என்பது எனக்குத் தெரியும். கை தன்னால் எழுதிவிடுகிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆங்கிலத்திலும் இந்தியிலும் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். பேசுகிறவர் கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்கிறாரா, விட்டுச் சொல்கிறாரா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய கன்னடத்திலும் ஒன்றே ஒன்றுதான். தமிழுக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு உண்டு. தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் அப்படித்தான். நம் இலக்கணக்காரர்கள் இதை வினைமுற்று விகுதி வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ‘அம், ஆம்’ என்று முடிந்தால் எதிரே நிற்கிறவரைச் சேர்த்துக்கொள்ளும். ‘எம், ஏம், ஓம்’ என்று முடிந்தால் அங்கே இல்லாத மற்றவர்களைச் சேர்த்துக்கொள்ளும் என்கிறது நன்னூல். அந்த நூற்பாவில் ‘தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை’ என்று ஒரு தொடர் வரும். யாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது என்பதை ஓர் இலக்கணக் கேள்வியாகவே நன்னூலை எழுதிய பவணந்தியார் வைத்திருக்கிறார். இன்று அந்த விகுதிகளுக்குள் அந்த வேறுபாடு இல்லை. எல்லாம் ‘ஓம்’ ஆகிவிட்டது. ‘நாம்’, ‘நாங்கள்’ மட்டும் மிச்சம்.

பேச்சில் இதை நாம் எவ்வளவு நுட்பமாகக் கையாளுகிறோம் என்று பாருங்கள். வாசலில் தயங்கி நிற்கிற விருந்தாளியிடம் “உள்ள வாங்க, நம்ம வீடுதான்” என்கிறோம். அவருக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அந்த ‘நம்ம’வில் அவருக்கு ஒரு பாய் விரித்துப் போட்டுவிடுகிறோம். கோபம் வந்தால் “இது எங்க வீட்டு விஷயம்” என்று அதே வாயால் கதவைச் சாத்துகிறோம். எழுத்தறியாதவர்கூட இதில் தவறுவதில்லை. சித்தி ஒரே கேட்பில் பிடித்ததும் இதனால்தான். அவள் காதில் விழுந்தது ‘நாம்’, பொருள் மட்டும் ‘நாங்கள்’. கூப்பிடுகிற சொல்லைப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டது போல இருந்திருக்கும்.

அன்றைக்கு முதல் பக்கங்களில் ‘நாம்’, ‘நம்’ வருகிற இடமெல்லாம் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. ‘நாம் எட்டு மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம், அதனால்தான் இடுப்பு வலி’ என்று ஒரு மருத்துவக் குறிப்பு. அம்மா பத்து மணி நேரம் தரையில் உட்காருகிறாள். அவள் இடுப்புக்கும் வலி உண்டு, அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. ‘நம் திருமணங்களில் அக்னியை வலம் வருவது ஏன்?’ என்று ஓர் ஆன்மிகப் பத்தி. பொதுவான வார இதழ் அது, எல்லா மதத்தாரும் காசு கொடுத்து வாங்குவது. காயல்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ அதைப் பிரிக்கிற ஒருவர் அந்த ‘நம்’மில் எங்கே நிற்பார்? அக்னி வளர்க்காமல் தாலி கட்டுகிற எத்தனையோ குடும்பங்கள் இந்து மதத்துக்குள்ளேயே உண்டு, அதையும் விடுங்கள். ‘சின்ன வயதில் நாம் எல்லோரும் கோடை விடுமுறைக்குத் தாத்தாவின் தோப்புக்குப் போயிருப்போம்’ என்று இன்னொன்று. தோப்புக்குப் போயிருக்கிறேன். தேங்காய் பொறுக்கப் போயிருக்கிறேன், தாத்தா அங்கே காவல்காரர்.

இதற்கு மாற்று எழுதுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ‘வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளில்’ என்று தொடங்கியிருந்தால் சித்தி வெளியே நின்றிருக்க மாட்டாள். யாரோ சிலருக்குச் சொல்லப்படும் விஷயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற இடம் அவளுக்குக் கிடைத்திருக்கும். ‘எங்கள் வீட்டில்’ என்று தன் அனுபவமாக எழுதியிருந்தால் இன்னும் நேர்மை. தன் வீட்டைத் தன் வீடு என்று சொல்கிற எழுத்தாளர் யாரையும் விலக்குவதில்லை. தன் வீட்டையே தமிழ்நாடு என்று சொல்லும்போதுதான் மற்றவர்கள் வெளியே போய்விடுகிறார்கள்.

ஈழத்து எழுத்தைத் திருத்துகிறவர்களுக்கு ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்கிறவரைச் சேர்த்தும் ‘நாங்கள்’ என்றே சொல்வார்கள். அதைப் பிழை என்று நினைத்து ‘நாம்’ ஆக்கிவிடாதீர்கள். நானே ஒரு காலத்தில் அப்படி ஆக்கியிருக்கிறேன்.

அடுத்தது வினைமுற்று. ஒரு நாள் கழிவுநீர்த் தொட்டிச் சாவு ஒன்றைப் பற்றிய செய்திக்கட்டுரை வந்தது. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தபிறகும் இப்படி நடக்கிறதே என்று கொதித்து எழுதியிருந்தார்கள். முதல் பத்தியில் ‘தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி மூச்சுத் திணறி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கிய இன்னொருவனும் மயங்கினான்’ என்று இருந்தது. அதே பத்தியின் கடைசியில் ‘தகவல் அறிந்து வந்த அதிகாரி இடத்தைப் பார்வையிட்டார்’. செத்தவர் ‘விழுந்தான்’, பார்க்க வந்தவர் ‘பார்வையிட்டார்’. நான் இரண்டு இடத்திலும் ‘ஆன்’ விகுதியை ‘ஆர்’ ஆக்கி, ஓரத்தில் ஏன் என்றும் எழுதி அனுப்பினேன். பழையபடி மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். ‘கட்டுரையாளர் நடையில் கைவைக்க வேண்டாம்’ என்று குறிப்பு. அந்தத் தொழிலாளிக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை இருந்திருந்தால், அப்பாவைப் பற்றி அச்சில் வந்ததை அது எழுத்துக்கூட்டிப் படித்திருக்கும். நடையைவிட அந்தப் பிள்ளை எனக்கு முக்கியம். ‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்’ என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இந்த ‘நாம்’மில் ஏறக்குறைய எல்லோருமே உண்டு. யாருக்கு ‘ஆர்’ போடுவது என்பது நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. சாதியும் சம்பளமும் ஆணா பெண்ணா என்பதும் அந்த ஒரு எழுத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பல நாளிதழ்கள் இப்போது எல்லோருக்கும் ‘ஆர்’ போடுகின்றன. கதையிலும் கட்டுரையிலும்தான் இன்னும் பாக்கி.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மனத்தாங்கல் அதிகம்.

எங்கள் பக்கத்து நாவல் ஒன்று மெய்ப்புக்கு வந்தது. ஆசையாக வாசித்தேன். கடைசியில் நான்கு பக்கத்துக்கு வட்டாரச் சொற்களுக்குப் பொருள். ‘சொளவு – முறம்’, ‘நடை – வாசலை அடுத்த பகுதி’ என்று போனது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “சொளவுன்னா சொளவுதான, இதுக்கு எதுக்கு அர்த்தம்?” என்றாள். பிறகு கதையில் நாயகன் சென்னைக்குப் போகிற அத்தியாயம் வந்தது. ‘மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தான்’ என்று ஒரு வரி. அம்மா கேட்டாள், “போர்சன்னா என்னட்டி?” ஒரே வீட்டைத் தடுத்து இரண்டு மூன்று குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது என்று சொன்னேன். கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். போர்ஷனுக்குப் பொருள் போடவில்லை.

அம்மாவின் ஊரைப் பற்றிய புத்தகம், அம்மாவின் பேச்சில் எழுதியது. அவளுக்குத் தெரிந்த சொல்லுக்கெல்லாம் பொருள் இருக்கிறது, தெரியாத சொல்லுக்கு இல்லை. இந்தப் புத்தகத்தை யார் வாங்குவார், எங்கே உட்கார்ந்து படிப்பார் என்று பதிப்பகத்தில் யாரோ ஒரு முகத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். அந்த முகம் அம்மாவுடையது இல்லை என்பதற்கு அந்த நான்கு பக்கமே சாட்சி.

சொற்பட்டியலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற பிள்ளைக்குச் சொளவு தெரியாமல் இருக்கலாம், தெரிந்துகொள்ளட்டும். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று தனி அகராதியே கொண்டுவந்தார். கரிசல் மண்ணில் இருந்துகொண்டு, எங்கள் சொத்து இவ்வளவு என்று எண்ணிக் காட்டிய வேலை அது. அதற்கும், நாவலுக்குப் பின்னால் ‘இவர்கள் பேசுவது உங்களுக்குப் புரியாது, நாங்கள் சொல்கிறோம்’ என்று ஒட்டுகிற நான்கு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பட்டியல் போடுவதானால் போர்ஷனையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தை நம்புங்கள். ‘சொளவில் அரிசியைப் புடைத்தாள்’ என்று எழுதினால், புடைப்பது தெரிந்த எவருக்கும் சொளவு தெரிந்துவிடும். சாய்வெழுத்திலும் மேற்கோள்குறிக்குள்ளும் அந்தச் சொற்களைப் போடாதீர்கள். எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கண்காட்சியில் வைத்தது மாதிரி இருக்கிறது.

‘வட்டார நாவல்’ என்கிற முத்திரையும் அப்படித்தான். நாகர்கோவில், கோவில்பட்டி, நாமக்கல் என்றால் வட்டாரம். மயிலாப்பூர் என்றால் மட்டும் ஏன் வெறும் நாவல்? அதுவும் ஒரு வட்டாரம்தானே. ‘ஆத்துல’, ‘அவாளுக்கு’ என்று எழுதிய கதைகளை, அகராதி இல்லாமல், அடிக்குறிப்பு இல்லாமல், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருந்தவர்கள் பல தலைமுறையாகப் படித்துப் புரிந்துகொண்டார்கள். அவ்வளவு உழைப்பை வாசகர் போடுவார் என்று அன்றைய ஆசிரியர்கள் நம்பினார்கள், வாசகரும் போட்டார். அதே உழைப்பை ‘விறாந்தை’க்கும் ‘கொட்டிலு’க்கும், இலங்கை மலையகத்துப் ‘பிரட்டு’க்கும் போடச் சொன்னால், தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்கிறீர்கள். அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து கொழுந்து பறிக்கிறவர்களின் பாட்டன் பூட்டன் இங்கிருந்து போனவர்கள். அவர்கள் சொல் நமக்குப் புரியாமல் போனதற்கு அவர்கள் காரணமில்லை.

இலங்கையில் இது ஒரு பெரிய சண்டையாகவே நடந்து முடிந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அங்கே முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கிற மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, அது ‘இழிசனர் வழக்கு’, இலக்கியத்துக்கு ஆகாது என்று பண்டிதர்கள் எதிர்த்தார்கள். மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயர். பண்டிதர்கள் பக்கம் கொடி பிடிக்க இன்றைக்கு ஆள் இல்லை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது, இன்றும் படிக்கிறோம். இங்கே 1992இல் பாமா ‘கருக்கு’ எழுதினார். வசனத்தில் மட்டும் இல்லாமல், கதை சொல்கிற குரலே ஊர்ப் பேச்சாக இருந்தது. படித்தவர்களுக்காக ஒரு மொழி, பாத்திரங்களுக்கு ஒரு மொழி என்கிற பிரிவே அதில் இல்லை. இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் நீங்கள். இருந்தும் ‘சோறு’ வந்தால் ‘சாதம்’ ஆகிறது, இஸ்லாமியர் வீட்டுக் கதையில் ‘பெருநாள்’ வந்தால் ‘ரம்ஜான் பண்டிகை’ ஆகிறது. இரண்டிலும் நல்ல தமிழ்ச் சொல்லைத்தான் வெட்டியிருக்கிறோம். பெருநாள், தொழுகை, நோன்பு, ஆணம் எல்லாம் அவர்கள் காலம்காலமாக வைத்திருக்கிற தமிழ்.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் எளிமையாக எழுதச் சொல்கிறாயா’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அம்மா அஞ்சாம் வகுப்பு. ஆனால் கோயில் கொடையில் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன் கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்பாள். அதில் எத்தனையோ சொல் எனக்கே பிடிபடாது. அவளுக்கும் எல்லாம் பிடிபடும் என்று சொல்ல மாட்டேன். தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் வைத்துப் புரிந்துகொள்வாள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவளைக் கேட்பாள். வில்லுப்பாட்டுக்காரர் தன்னைப் பார்த்துத்தான் பாடுகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கஷ்டமான சொல் அவளை விரட்டியதில்லை.

புதுச் சொல்லும் அப்படித்தான். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்தைப் பற்றி எனக்கும் சில கேள்விகள் உண்டு. ஆனால் அக்கிராசனர் தலைவரானதும், காரியதரிசி செயலாளரானதும், அபேட்சகர் வேட்பாளரானதும் அம்மா மாதிரி ஆட்களுக்கு வாசலைப் பெரிதாக்கின. ‘வேட்பாளர்’ என்று கேட்டால், வேண்டி வருகிறவர் என்று அவளுக்கே தெரிகிறது. ரேஷன் கடையை ரேஷன் கடை என்று எழுதினால்தான் அவள் உள்ளே வருவாள் என்பதும் உண்மை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு விதி என்னிடம் இல்லை. யார் படிக்கப்போகிறார் என்று பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாரதி அப்படித்தான் பார்த்தார். 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்துக்கு எழுதிய முன்னுரையில், ஓரிரண்டு வருடம் நூல் படித்துப் பழகியவருக்கும் நன்றாக விளங்க வேண்டும், அதே சமயம் காவிய நயமும் குறையக் கூடாது என்று தனக்கே ஓர் அளவு வைத்துக்கொண்டார். ஓரிரண்டு வருடப் படிப்பு. தன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்துதான் மகாபாரதத்தையே கையில் எடுத்தார். இன்றைக்குத் தலையங்கம் எழுதுகிறவர்கள் தங்கள் வாசகர் எத்தனை வருடம் படித்தவர் என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் கேட்பது கொஞ்சம்தான். இனிமேல் உங்கள் பக்கங்கள் என் கைக்கு வரும்போது, சந்தேகம் வருகிற ஒவ்வொரு ‘நாம்’ பக்கத்திலும் ‘யார்?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பப்போகிறேன். ஒரே பத்தியில் ஒருவருக்கு ‘ஆன்’, இன்னொருவருக்கு ‘ஆர்’ வந்தால் அடியில் கோடு போடுவேன். சொற்பட்டியலில் விட்டுப்போன சென்னைச் சொற்களை எழுதிச் சேர்த்து வைப்பேன். இதில் எதையும் நானாகத் திருத்த மாட்டேன், அது என் வேலை இல்லை. அந்தக் குறிப்புகளை அழித்துவிட்டு அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். எழுதியவரிடம் அப்படியே காட்டுங்கள். அவர் யோசித்துவிட்டு ‘இருக்கட்டும்’ என்று சொன்னால் இருக்கட்டும்.

சித்தி இந்தப் பொங்கலுக்கும் வருகிறாள். அந்த இதழிலிருந்து வந்த பக்கங்கள் மேசையில் இருக்கின்றன. அவள் வந்ததும் சத்தமாகப் படித்துத்தான் திருத்தப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்,
தென்காசி மாவட்டம்